மெற்றோஸ்–குரோசியா: சட்டையில் எழுதிய நாடு

சேர்போர்ன் நிலையத்தில் சப்வே ஏறி மேற்கே மூன்றாவது தரிப்பில் இறங்கினால் சென் ஜோர்ஜ். மேலே வந்து புளோர் வீதியில் சிறிது நடந்தால் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் வாசிற்றி மைதானம். சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்த நாங்கள், கோப்பை கழுவுவதற்கும் தொழிற்சாலைகளில் பெட்டி அடுக்குவதற்கும் போய்வந்த ஆண்டுகளில், அந்த மைதானத்தின் பக்கத்தால் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அங்கே முன்னர் என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. 1976 இல் வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கின் சம்பியன் கிண்ணத்தை வென்ற அணி அந்த மைதானத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தது. அந்த அணியின் பெயரில், அன்று உலகப் படத்தில் தனிநாடாக இல்லாத ஒரு நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது: ரொறன்ரோ மெற்றோஸ்–குரோசியா.

1976 எங்களுக்கு வேறொரு காரணத்தால் நினைவில் நிற்கும் ஆண்டு. அந்த ஆண்டு மே 14 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. மூன்றரை மாதங்கள் கழித்து, ஓகஸ்ட் 28 இல், சியாற்றில் நகரத்தின் கூரையிட்ட பெருமைதானத்தில் இந்த அணி மினசோற்றா கிக்ஸை 3-0 என்று தோற்கடித்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பண்ணாகத்தில் கூடியிருந்தவர்களுக்கு ரொறன்ரோவில் குரோசியர்கள் இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை. குரோசியர்களுக்கு வட்டுக்கோட்டையைத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. இருந்தாலும், நாடு வேண்டும் என்ற ஒரு சனம் அந்நிய நகரத்தில் என்ன செய்தது, அதனால் என்ன வந்தது என்று அறிவதில் எங்களுக்கு ஒரு தேவை இருக்கிறது. அந்தத் தேவையினால்தான் இதை எழுதுகிறோம். விளையாட்டுப் பக்கத்துக்கு உரிய விஷயம் என்று யாராவது நினைத்தால் அதற்கும் மறுப்பில்லை.

குரோசியர்கள் கனடாவுக்கு வந்த கதை எங்களுடையதைவிட நீளமானது. ஒஸ்ரிய-ஹங்கேரிப் பேரரசின் பிரசைகளாகச் சுரங்கங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் வந்தவர்கள் முதலாவது தொகுதி. 1918 க்குப் பின் அவர்களின் பிறந்த மண் சேர்பிய மன்னரின் கீழ் அமைந்த புதிய இராச்சியத்துக்குள் போயிற்று. இரண்டாம் உலகப்போரில், 1941 இல், ஹிட்லரின் தயவில் உஸ்தாஷாக்கள் ‘சுதந்திர குரோசிய அரசு’ ஒன்றை அமைத்தார்கள். சேர்பியர்களையும் யூதர்களையும் றோமா மக்களையும் யசெனோவாட்ஸ் முகாமில் அந்த அரசு கொன்று குவித்தது. 1945 இல் ரிட்டோவின் படைகள் வென்றபின் ஓடிவந்தவர்கள் அடுத்த தொகுதி. அவர்களுள் குற்றம் செய்தவர்களும் இருந்தார்கள், ஒரு குற்றமும் அறியாத கமக்காரரும் இருந்தார்கள். அறுபதுகளில் யூகோஸ்லாவியா தன் எல்லைகளைத் தளர்த்தியபோது வேலை தேடி வந்தவர்கள் மூன்றாவது தொகுதி. மூன்று தொகுதியினரும் வெவ்வேறு அரசியல் உள்ளவர்கள். கனடிய அதிகாரிகளின் பத்திரங்களில் மட்டும் அவர்கள் எல்லாரும் ‘யூகோஸ்லாவியர்’. ஸ்ரீலங்கன் என்ற சொல்லை எத்தனை விண்ணப்பப் படிவங்களில் நிரப்பியிருக்கிறோம் என்று எண்ணிப்பார்த்தால் அந்த எரிச்சலை விளங்கிக்கொள்ளலாம்.

1956 இல் அவர்கள் ரொறன்ரோவில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தைத் தொடங்கினார்கள். பெயர் ரொறன்ரோ குரோசியா. கட்சி தொடங்கினால் பொலிசும் தூதரகமும் கவனிக்கும். சஞ்சிகை தொடங்கினால் வாசிக்க ஆள் வேண்டும் (இது எங்களுக்குத் தெரிந்த துன்பம்). பந்து அடிக்க ஒரு மைதானமும் பதினொரு பேரும் போதும். கோயில் முடிந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தில் சனம் தானாகவே வரும். வருகிறவர்களுக்குத் தங்கள் மொழியில் சத்தம்போட்டுப் பேசலாம், ஊர்ப் புதினம் கேட்கலாம், வேலை விசாரிக்கலாம், மகளுக்கு மாப்பிள்ளையும் பார்க்கலாம். தவிர, மறுநாள் ஆங்கிலப் பத்திரிகை ஆட்ட முடிவைப் பிரசுரித்தே ஆகவேண்டும். எத்தனை சிறிய எழுத்திலென்றாலும் அங்கே ‘குரோசியா’ என்று அச்சாகும். வேறு எந்தப் பக்கத்திலும் அச்சாகாத பெயர் அது.

அவர்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. 1926 இல் தொடங்கிய நஷனல் சொக்கர் லீக் என்ற அமைப்பு, போருக்குப் பிந்திய ரொறன்ரோவில், கிட்டத்தட்ட ஐரோப்பாவின் இடம்பெயர்ந்தோர் பட்டியலாகவே மாறியிருந்தது. இத்தாலியா, ஹங்கேரியா, உக்ரேனியா, ஹெலாஸ், போர்த்துக்கேயரின் ஃபெர்ஸ்ற் போர்த்துகீஸ், போலந்துக்காரரின் வெள்ளைக் கழுகுகள் என்று அணிகள். ஐஸ் ஹொக்கியே விளையாட்டு என்று நம்பிய பழைய ரொறன்ரோ இதை ஏளனத்தோடுதான் பார்த்தது. இடம்பெயர்ந்தோரைக் குறிக்கும் ‘டீ.பீ.’ என்ற இரண்டு எழுத்து அந்நாட்களில் வசைச்சொல். உதைபந்தாட்டம் ‘டீ.பீ.’களின் விளையாட்டு. இங்கிலாந்தின் பெரும் ஆட்டக்காரரான ஸ்ரான்லி மத்தியூஸ் 1961 இல் ரொறன்ரோ சிற்றி என்ற அணிக்கு வந்து விளையாடியபோதுகூட, அது கோடைகால வேடிக்கையாகப் பார்க்கப்பட்டதே ஒழிய நகரத்தின் அபிப்பிராயம் பெரிதாக மாறவில்லை.

பணக்காரர்களுக்கு ஆசை வந்தது பிறகுதான். அமெரிக்காவில் வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக் 1968 இல் உருவாயிற்று. 1971 இல் ரொறன்ரோவுக்கு அதில் இடம் கிடைத்து மெற்றோஸ் என்ற அணி வந்தது. அதற்கு மேடை இருந்தது, பார்க்க வருவோர் குறைவு. ரொறன்ரோ குரோசியாவிடம் சனம் இருந்தது, மேடை இல்லை. மெற்றோஸ் கடனில் தத்தளித்தபோது, 1975 இல், இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. கலியாணப் பேச்சில் போல, பெயரில் இரு பக்கத்தாருக்கும் பங்கு வைக்கப்பட்டது. அப்படித்தான் மெற்றோஸ்–குரோசியா பிறந்தது.

லீக்கை நடத்தியவர்களுக்கு அந்தப் பெயர் தொண்டையில் மீன்முள். கொஸ்மோஸ், ரவுடீஸ், ஸ்ரிங், கிக்ஸ் என்று ஒருவருக்கும் சொந்தமில்லாத பெயர்களை வைத்து அமெரிக்கக் குடும்பங்களுக்கு இந்த விளையாட்டை விற்க அவர்கள் முயன்றுகொண்டிருந்தார்கள். 1975 இல் கொஸ்மோஸ் பெலேயைக் கொண்டுவந்து நியூயோர்க்கை நிரப்பத் தொடங்கியிருந்தது. அந்த வேளையில் வடக்கே ஒரு அணி, பெரும்பாலான அமெரிக்கர் கேள்விப்பட்டிராத ஒரு தேசத்தின் பெயரோடு வருகிறது, வெல்லவும் வெல்கிறது.

அந்த அணியில் குரோசியர்கள் மட்டும் விளையாடவில்லை. அதுதான் இந்தக் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜேர்மன்காரரான வொல்ஃப்காங் சூன்ஹோல்ஸ் இருந்தார். ரொறன்ரோவில் பிறந்த இத்தாலியப் பிள்ளை பொப் இயாறுசி பின்களத்தில் நின்றார். பிறேசிலின் இவைர் இருந்தார். எல்லாருக்கும் மேலே யூசேபியோ.

யூசேபியோவை ஊரில் பழைய ஆட்டக்காரர் அறிவார்கள். 1966 உலகக் கிண்ணத்தில் ஒன்பது கோல்கள் போட்டு முதலாவதாக நின்றவர். அவர் பிறந்தது 1942 இல், மொசாம்பிக்கில், இன்று மபூற்றோ என்று அழைக்கப்படும் லொறன்சோ மார்க்கேஸ் நகரத்தில். உலகக் கிண்ணத்தில் அவர் அணிந்தது தன்னை ஆண்ட போர்த்துக்கல்லின் சட்டை. மொசாம்பிக் 1975 யூன் 25 இல் விடுதலை அடைந்தது. அப்போது அவர் முப்பது கடந்து, முழங்காலில் திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு, அமெரிக்க அணிகளில் உழைக்க வந்துவிட்டார். அடுத்த கோடையில் ரொறன்ரோவுக்கு வந்தார். டண்டாஸ் வீதிப் போர்த்துக்கேயருக்கு அவர் தெய்வம். ஆகவே காலனி நாட்டிலிருந்து வந்த ஒருவர், தன்னை ஆண்ட நாட்டின் புகழோடு, நாடில்லாத இன்னொரு சனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசிற்றி மைதானத்தில் நொண்டி நொண்டிக் கோல் அடித்தார். குரோசியா தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்ததும் ஒரு யூன் 25 இல்தான், 1991 இல். திகதிகளின் இந்தப் பொருத்தத்துக்கு விசேட அர்த்தம் எதுவும் கிடையாது. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

1976 இன் பருவகாலம் அந்த அணிக்குச் சுமுகமாகப் போகவில்லை. இடையில் பயிற்றுநர் மாறினார். இவான் மார்க்கோவிச் போக, டொமகோய் கபெற்றானோவிச் பொறுப்பேற்றார். மைதானம் நிரம்பவில்லை, காசு தட்டுப்பாடு. ஆனால் இறுதிச் சுற்றுகளில் அணி திடீரென்று எழுந்துவிட்டது. முந்திய ஆண்டின் சம்பியனான ரம்பா பே ரவுடீசை அவர்களுடைய ஊரில் வைத்தே 2-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் சூன்ஹோல்சின் கால் முறிந்தது. இறுதி ஆட்டத்துக்கு இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்திருந்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன் யூசேபியோ முதல் கோலைப் போட்டார். பிறகு இவான் லுக்காசெவிச், பிறகு இவைர். அவ்வளவுதான். மினசோற்றாவுக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. கோல் காத்தவர் செல்ஜ்கோ பிலெக்கி.

அமெரிக்கா முழுவதற்கும் அந்த ஆட்டத்தைக் காட்டிய சீ.பீ.எஸ். தொலைக்காட்சியின் அறிவிப்பாளர்கள் ‘குரோசியா’ என்ற சொல்லைத் தவிர்த்து, வெறுமனே ‘ரொறன்ரோ’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றிலிருந்து பேசப்பட்டுவரும் விஷயம். வென்ற அணியின் பெயரை வெற்றி அறிவிப்பிலேயே அரைவாசியாக வெட்டுவது சாதாரண காரியம் இல்லை. விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று சொல்பவர்கள் எப்போதும் மற்றவனுடைய அரசியலைத்தான் சொல்கிறார்கள் என்பதை நாங்கள் இன்னொரு தீவிலிருந்தே அறிந்து வந்தவர்கள்.

கிண்ணம் வந்தும் காசு வரவில்லை. யூசேபியோ போய்விட்டார். 1979 இல் குளோபல் தொலைக்காட்சி நிறுவனம் அணியை வாங்கிற்று. முதல் வேலையாகப் பெயரைத் தூக்கி எறிந்து ‘பிளிசாட்’ என்று வைத்தது. பனிப்புயல். கனடாவில் அதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கச் சங்கம் எதுவும் கிடையாது. பிளிசாட் 1983 இலும் 1984 இலும் இறுதி ஆட்டம்வரை போய் இரண்டிலும் தோற்றது. 1984 பருவகாலத்தோடு அந்த லீக்கே மூடுண்டது. குரோசியர்கள் தங்கள் பழைய பெயரை எடுத்துக்கொண்டு பழைய லீக்குக்கே திரும்பிப் போனார்கள். பனிப்புயல் எங்கே போயிற்று என்று இன்று கேட்டால் பதில் சொல்வார் இல்லை. ரொறன்ரோ குரோசியா, 2000, 2004, 2007, 2011, 2012, 2015 ஆம் ஆண்டுகளில் கனடாவின் சிறிய தொழில்முறை லீக் ஒன்றில் சம்பியனாக வந்தது. பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் சில நூறு பேர்தான்.

பெயர் பற்றிய இந்த வழக்கு ரொறன்ரோவில் மட்டும் நடந்ததல்ல. அவுஸ்திரேலியாவில் தொண்ணூறுகளின் முற்பகுதியில் உதைபந்தாட்ட நிர்வாகம் இனப் பெயர்களை அகற்றும்படி கழகங்களை நெருக்கியது. மெல்போர்ன் குரோசியா ‘நைற்ஸ்’ ஆயிற்று, சிட்னி குரோசியா ‘யுனைற்றெட்’ ஆயிற்று. பெயர் போனதே தவிர, மைதானத்துக்கு வந்த சனமும் அவர்களின் பாட்டும் கொடியும் போகவில்லை. யப்பானில் 1993 இல் ஜே-லீக் தொடங்கியபோது எதிர்மாறான ஒன்று நடந்தது. அதுவரை அங்கே அணிகள் மிற்சுபிஷி, சுமிற்றொமோ, தொஷிபா என்று கம்பனிகளின் சொத்து. புதிய லீக், கம்பனிப் பெயரை எடுத்துவிட்டு ஊரின் பெயரை வையுங்கள் என்று சட்டம் போட்டது. மிற்சுபிஷி, உறாவா ஆயிற்று. சுமிற்றொமோ உலோகத் தொழிற்சாலையின் அணி, கஷிமா என்ற சிறிய ஊரின் அணியாகி, நாட்டின் மிகப் பலமான அணியாக வளர்ந்தது. தொஷிபாவின் அணி 1996 இல் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்கே குடிபெயர்ந்தது. அந்தத் தீவின் பிள்ளைகளைக் குறிக்கும் ‘தோசங்கோ’ என்ற சொல்லைப் பின்பக்கமாகத் திருப்பிப்போட்டு, ‘கொன்சதோலே’ என்று பெயர் செய்தார்கள். ஊர்ப்பெயர் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு யொக்கொஹாமா சாட்சி. 1998 இல் அங்கே ஃபுளூகல்ஸ் என்ற அணியைப் பணக்காரர்கள் போட்டி அணியோடு கலந்துவிட முடிவுசெய்தபோது, ஆதரவாளர்கள் காசு சேர்த்து யொக்கொஹாமா எஃப்.சி. என்று சொந்தமாகவே ஒரு கழகம் தொடங்கிவிட்டார்கள். ஊர் என்றால் ஊர்தான். ஆனால் யப்பானியருக்கு ஊர் காலடியில் இருந்தது. குரோசியருக்கும் எங்களுக்கும் அது ஏழு கடல் தாண்டி.

இனி, சொல்ல விருப்பமில்லாத பகுதி.

1968 இல் ரொறன்ரோச் சேர்பியர்கள் தங்கள் கழகத்தைத் தொடங்கினார்கள். சேர்பிய வெள்ளைக் கழுகுகள். இரு அணிகளும் சந்திக்கும் நாட்களில் பந்து இரண்டாம்பட்சமாகிவிடும். குரோசியரின் பக்கத்தில், எல்லாரும் இல்லாவிட்டாலும் சிலர், 1941 இன் அரசை நினைவூட்டும் சின்னங்களை வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் எல்லாரும் அறியாமையால் சுளிக்கவில்லை. யசெனோவாட்சில் தாயை இழந்த ஒரு சேர்பியனுக்கு, அல்லது யூதனுக்கு, ‘குரோசியா’ என்று சட்டையில் எழுதியிருப்பது வேறு எதையோ நினைவூட்டியிருக்கும். புலம்பெயர்ந்த சனம் தன் துயரத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது, தன் பக்கத்தார் பிறருக்குச் செய்ததை எப்போதும் ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறது.

எண்பதுகளின் இறுதியில் பந்து மைதானத்தைத் தாண்டிப் போயிற்று. ரொறன்ரோவுக்கு மேற்கே நோர்வல் என்ற இடத்தில் குரோசியக் கத்தோலிக்கர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. பின்னர் குரோசியாவின் முதல் சனாதிபதியான ஃபிரான்யோ துஜ்மன் 1987 இல் கனடாவுக்கு வந்தபோது அங்கு சென்று புலம்பெயர்ந்தோரைச் சந்தித்தார். ஒட்டாவாவில் பிற்சா வியாபாரம் செய்துகொண்டிருந்த கொய்கோ சூஷாக் என்பவர் அவருடன் நெருக்கமாகி, பணம் திரட்டி, 1990 இல் நாடு திரும்பி, 1991 இல் பாதுகாப்பு அமைச்சரானார். 1998 இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். கனடாவில் பிற்சா சுட்ட எங்களுடைய ஆட்கள் எத்தனையோ பேர். ஒருவரும் பாதுகாப்பு அமைச்சர் ஆகவில்லை என்பதில் எங்களுக்குக் கவலையும் இல்லை.

1990 மே 13 இல் சாக்ரெப் நகரத்து மக்சிமிர் மைதானத்தில் டினமோ சாக்ரெப்புக்கும் பெல்கிரேட்டின் றெட் ஸ்ராருக்கும் நடக்கவிருந்த ஆட்டம் கலவரத்தில் முடிந்தது. டினமோவின் இளம் தலைவர் சுவோனிமிர் போபன் ஒரு பொலிஸ்காரரை எகிறி உதைத்த படம் உலகெங்கும் போயிற்று. போர் அங்கேதான் தொடங்கியது என்று சொல்லிக்கொள்வதில் குரோசியருக்கு ஒரு பெருமை. போர்கள் மைதானத்தில் தொடங்குவதில்லை. ஆனால் மைதானத்தில் கத்திப் பழகியவர்கள் போருக்குப் போனார்கள் என்பது உண்மை. 1992 சனவரி 15 இல் ஐரோப்பிய நாடுகள் குரோசியாவை அங்கீகரித்தன. கனடாவும் அதே நாளில் அங்கீகரித்தது. நாடு கிடைத்துவிட்டது.

1995 ஓகஸ்டில் குரோசியப் படைகள் ‘புயல்’ என்று பெயரிட்ட நடவடிக்கையில் கிராயினாப் பகுதியைப் பிடித்தன. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சேர்பியர்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் சில நாட்களுக்குள் உழவு இயந்திரங்களிலும் கார்களிலும் வீட்டை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால், செம்மணி வெளியால், மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்ரோபர் 30 இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அவர்களை வெளியேற்றியவர்கள் எங்கள் பெயரால் பேசியவர்கள். நாட்டின் பெயரைச் சட்டையில் எழுதும்போது, அந்தச் சட்டையை யார் யார் போடலாம் என்ற கேள்வியும் கூடவே எழுதப்பட்டுவிடுகிறது.

எங்கள் ஊரில் கழகங்களுக்கு நாட்டின் பெயர் வைக்கும் வழக்கம் இருந்ததில்லை. நாவாந்துறை சென் மேரிஸ், பாசையூர் சென் அன்ரனீஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், மயிலங்காடு ஞானமுருகன், ஊரெழு றோயல், வதிரி டயமன்ஸ், மன்னார்ப் பக்கம் போனால் பள்ளிமுனை சென் லூசியா. புனிதர், முருகன், மீன், வைரம். மிசன் பள்ளிக்கூடங்கள் கொண்டுவந்த விளையாட்டைக் கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்கள் தங்கள் உடம்போடு சேர்த்துக்கொண்டன. கடற்கரை மணலில் வெறுங்காலோடு விளையாடி வளர்ந்தவனிடமிருந்து பந்தைப் பறிப்பது நகரத்துக் கல்லூரிப் பிள்ளைக்கு லேசான காரியம் அல்ல. ஊர்ப் பெயர் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதற்குள் சாதியும் ஒளிந்திருந்தது. ஒரே ஊரில் இரண்டு கழகங்கள் ஏன் இருந்தன என்று கேட்டால் பெரியவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். ஆனாலும் மைதானத்தில் ஒரு நன்மை இருந்தது. கோயிலுக்குள் வரக்கூடாது என்றவர்கள், கோல் போட்டவனைத் தோளில் தூக்கினார்கள், தொண்ணூறு நிமிடத்துக்காவது.

யாழ்ப்பாணத்தின் பெரிய ஆட்டங்கள் நடந்த மைதானத்துக்கு 1975 யூலை 27 இல் சுட்டுக்கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர். துரோகி என்று சொல்லிக் கொல்லப்பட்டவரின் பெயர் கொண்ட இடத்தில்தான் எங்கள் வீரர்கள் கிண்ணம் தூக்கினார்கள். 1999 இல் அங்கே திருத்த வேலைக்கு மண்ணைக் கிண்டியபோது இருபதுக்கு மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வந்தன. 2016 இல் இந்திய உதவியோடு புதுப்பித்துத் திறந்தார்கள். இப்போது மறுபடியும் பந்து ஓடுகிறது.

சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வருவோம். அறுபதுகளில், கலியாணம் ஆகாத இளம் உத்தியோகத்தர்களுக்கென்று கட்டப்பட்ட மாடிகள் இவை. அவர்கள் வெளியேற, உலகத்தின் அகதிகள் உள்ளே வந்தோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கனடிய நகரத்தின் பெயர். நாங்கள் யாரும் அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை, வெல்ஸ்லி இருநூறு, பார்லிமென்ற் அறுநூற்றைம்பது என்று இலக்கத்தால்தான் சொன்னோம். 83 க்குப் பின் வந்தவர்கள் ஒரு அறைக்குள் ஆறு பேர் படுத்த காலத்தில், மாடிகளுக்கு நடுவேயிருந்த சீமெந்துத் தரையில் கோடைகாலப் பின்னேரங்களில் பந்து உருண்டது. பந்து யன்னலில் பட்டுவிடும் என்று காவலாளி வந்து கலைப்பார். ஆட்டம் அடுத்த கட்டடத்துக்குப் பின்னால் தொடரும். அங்கே பிலிப்பைன்ஸ்காரனும் சோமாலியனும் சேர்ந்துகொள்வான். அணிக்குப் பெயர் இல்லை. சட்டை போட்டவர்கள் ஒரு பக்கம், சட்டை கழற்றியவர்கள் மறுபக்கம்.

பெயர் வந்தது பிறகு, காசு கொஞ்சம் சேர்ந்து, குடும்பங்கள் வந்து, ஸ்காபரோவுக்கு வீடு மாறத் தொடங்கியபோது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடைகாலச் சுற்றுப்போட்டிகளை நடத்தின. சட்டைகளில் கல்லூரி இலச்சினைகளும் கிராமத்தின் பெயர்களும் அச்சாயின. குரோசியர்கள் ஒரே பெயரின் கீழ் வந்தபோது நாங்கள் ஐம்பது பெயர்களாகப் பிரிந்தோம் என்று கூட்டங்களில் குறைப்படுபவர்கள் உண்டு. அந்தக் குறையில் எங்களுக்கு முழு உடன்பாடு இல்லை. ஊரின் பெயர் சின்னது, அதனால் அது யாரையும் நாடு கடத்தும் அளவுக்குப் பலம் பெறுவதில்லை. ஆனால் அது இரண்டாம் தலைமுறைக்கு விளங்குவதும் இல்லை. மார்க்கத்தில் பிறந்த பிள்ளையிடம் தகப்பன் படித்த கல்லூரியின் சட்டையைக் கொடுத்தால் அது போட்டுக்கொள்ளும், ஏன் என்று கேட்காது. கேட்காததுதான் பிரச்சினை.

அந்தப் பிள்ளைகள் 2012 இல் வேறொரு சட்டையைப் போட்டார்கள். ஃபீஃபாவுக்கு வெளியே உள்ள அணிகளுக்கான விவா உலகக் கிண்ணம் அந்த ஆண்டு ஈராக்கின் குர்திஸ்தானில் நடந்தபோது, கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த இளைஞர்களைக் கொண்ட ‘தமிழீழம்’ என்ற அணி அங்கே போயிற்று. அந்தப் போட்டி நின்றுபோக, 2013 இல் உருவான கொனிஃபா என்ற அமைப்பு அதன் இடத்தை எடுத்தது. 2014 இல் சுவீடனின் ஒஸ்ரர்சுண்ட் நகரத்தில் கொனிஃபாவின் முதல் உலகக் கிண்ணம். தமிழீழ அணி அங்கும் விளையாடியது. பெரிய வெற்றிகள் இல்லை. வாங்கிய கோல்கள் தாராளம். முள்ளிவாய்க்காலுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, ஆறாவது திருத்தச் சட்டப்படி இலங்கைக்குள் ஆதரித்துப் பேசவே முடியாத ஒரு பெயரை, ஊரைக் காணாத பிள்ளைகள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஓடியபோது, அழுத பெரியவர்களும் இருந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் இருந்தார்கள். நாங்கள் இரண்டு கூட்டத்திலும் இருந்தோம். அந்தப் பெயரால் செத்தவர்கள் எங்கள் வீடுகளில் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னவர்களால் செத்தவர்களும் எங்கள் வீடுகளில் உண்டு.

ரொறன்ரோக் குரோசியர்களுக்கு நாடு கிடைத்தபின் கழகத்துக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் ஒன்று தெரிகிறது. அதன் அவசரம் போய்விட்டது. தொலைக்காட்சியைத் திறந்தால் உலகக் கிண்ணத்தில் குரோசியா ஓடுகிறது. 1998 இல் முதல் தடவையாகப் போய் மூன்றாம் இடம், டாவோர் சூக்கருக்கு அதிக கோல்களுக்கான பரிசு. பிறகு ஏன் ஞாயிற்றுக்கிழமை குளிரில் நின்று பார்க்கவேண்டும்? 2007 இல் ரொறன்ரோ எஃப்.சி. என்ற புதிய அணி வந்தது. அதில் எந்தச் சனத்தின் பெயரும் இல்லை, எல்லாச் சனத்தின் பிள்ளைகளும் ஆதரவாளர்களாக இருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் உட்பட. அதே ஆண்டு சிறிய லீக்கின் இறுதியில் ரொறன்ரோ குரோசியாவும் சேர்பிய வெள்ளைக் கழுகுகளும் மோதின. குரோசியா வென்றது. 2013 இல் அந்த லீக்கின் அங்கீகாரத்தைக் கனடிய உதைபந்தாட்டச் சங்கம் விலக்கிக்கொண்டது. பழைய வாசிற்றி மைதானத்தை 2002 இல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே நிற்பது 2007 இல் கட்டிய சிறிய மைதானம்.

2018 கோடையில் இரண்டு உலகக் கிண்ணங்கள் நடந்தன. கொனிஃபாவின் கிண்ணம் மே 31 தொடக்கம் யூன் 9 வரை இலண்டனைச் சுற்றிய சிறு மைதானங்களில். சோமாலியாவின் பரவா மக்கள் பெயரால் அதை நடத்தினார்கள். உக்ரேனில் வாழும் ஹங்கேரியரின் அணி, என்ஃபீல்டில் நடந்த இறுதியில், வட சைப்பிரசைத் தண்டனை உதைகளில் வென்றது. முதற்சுற்றில் தமிழீழ அணி பரவாவோடும் மான் தீவோடும் கஸ்கேடியாவோடும் விளையாடி மூன்றிலும் தோற்றது. மற்றக் கிண்ணம் றஷ்யாவில். யூலை 15 இல் மொஸ்கோவில் நடந்த இறுதி ஆட்டத்தில், நாற்பது இலட்சம் சனம் கொண்ட குரோசியா, பிரான்சிடம் 4-2 என்று தோற்றது.